கொம்பு வைத்த பெட்டி

தீக்குச்சி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அக்கா. சின்ன வயதில் அவள் அத்தனை ஒல்லி, தலை மட்டும் பெரிது, உரசினால் பற்றிக்கொள்வாள். உடம்பு பூசி, நரை விழுந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கடைக்கு வருகிறவர்கள்கூட "தீக்குச்சி இருக்காங்களா?" என்று மரியாதையோடு கேட்பார்கள்.

கடை அக்காவின் கணவருடையது. பழைய வால்வு ரேடியோக்களையும் கிராமபோன்களையும் பழுது பார்க்கிற, வாங்கி விற்கிற கடை. அத்தான் முன்னால் உட்கார்ந்து வாயால் பிழைப்பார்; பலகைத் தடுப்புக்குப் பின்னால் இவள் கையால் பிழைப்பாள். ஒரு ரேடியோ கம்பெனியில் உதிரிகளைப் பூட்டிக்கொண்டிருந்தவள் அவள். கம்பெனியை மூடினார்கள்; அதே நேரத்தில் புருஷனையும் விட்டுவிட்டு வந்து நின்றாள். "வா, கடையில உக்காரு. நம்ம மாடியில தங்கிக்கோ" என்று சொன்னது அத்தான்தான். அந்த நன்றி அவளுக்கு இருந்தது. கோபம் வரும்போதெல்லாம் அதை எடுத்து வாயில் அடைத்துக்கொள்வாள்.

அன்று கடை திறந்த கையோடு ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வந்தார். வெயிலுக்குக் குடை, கையில் துணிப்பை, நிமிர்ந்த முதுகு.

"என் பெட்டிய வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அத்தான் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. நான்தான் ஃபோன்லயே சொன்னேனே. அது தேறல. உள்ள எல்லாம் துருப்பிடிச்சு உளுத்துப்போச்சு. பார்ட்ஸும் இப்ப வர்றதில்ல."

நர்சம்மா உட்காரவில்லை. "தேறலன்னா தேறாத பெட்டியக் குடுங்க. ஆஸ்பத்திரியில ஆள் செத்துப்போனாலும் உடம்ப வீட்டுக்காரங்ககிட்டதான் குடுப்போம். நாங்களே வச்சுக்க மாட்டோம்."

தடுப்புக்குப் பின்னால் தீக்குச்சியின் கை நின்றது. அந்தப் பெட்டி அவளுக்கு நன்றாகத் தெரியும். சூட்கேஸ் மாதிரிக் கைப்பிடி வைத்த கறுப்புக் கிராமபோன். சாவி கொடுத்தால் தட்டைச் சுழற்றுகிற ஸ்பிரிங்கின் நுனி ஒடிந்து வந்தது. நுனியைப் பழுக்கக் காய்ச்சி, இளகவிட்டு, புதிதாகத் துளை போட்டு மாட்டினாள். தட்டு சுழலும் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கு மூன்று ஈயக் குண்டுகள் உண்டு. அதில் ஒன்றின் திருகாணி தொலைந்திருந்தது. ஊரெல்லாம் தேடியும் ஒத்துவருகிற திருகாணி அகப்படாமல், தன் தையல் மெஷினிலிருந்து ஒரு பித்தளைத் திருகாணியைக் கழற்றி, தலையை ஒரு பக்கம் அரத்தால் சீவிப் பொருத்தினாள். கடைசியில் பெட்டி பாடியது. தும்மல் இல்லை, இருமல் இல்லை, சொக்கத் தங்கமாகப் பாடியது. துடைத்து, மூடி, வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டியவை இருக்கும் அலமாரியில் அவளே கொண்டுபோய் வைத்தாள்.

அவள் எழுந்து முன்பக்கம் வந்தாள். "அத்தான், அந்தப் பெட்டி…"

"நீ உள்ள போம்மா. ஈயம் பத்தவைக்கற இரும்பு சூடா இருக்கு பாரு, எதையாவது கொளுத்திவிடப் போற." அத்தான் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள். வாடிக்கையாளர் முன்னால் அத்தான் பேச்சை மறுத்துப் பேசுவதில்லை என்பது பழகிப்போயிருந்தது.

"பழைய இரும்போட போட்டுட்டோம்மா. மன்னிச்சுக்கங்க. கடையில எது புடிச்சிருக்கோ சொல்லுங்க, சலுகையா போட்டுத் தர்றேன்" என்று அத்தான் குழைவது கேட்டது.

மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு விழுங்கிவிட்டேன் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல நர்சம்மா அவரைப் பார்த்தார். "நான் திரும்பவும் வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அவர் தலை மறைந்ததும் தீக்குச்சி வெளியே வந்தாள். "அது நல்லாத்தான் அத்தான் பாடுச்சு. நான் பாட வச்சேன்."

"தெரியும்மா. அலமாரிய நகத்தும்போது கீழ விழுந்து நொறுங்கிப்போச்சு. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லல. அந்தம்மாகிட்ட உடைச்சுட்டோம்னு சொன்னா சும்மா விடுமா?"

அவள் நம்பினாள். முழுதாக இல்லை, பாதி.

அந்த வாரமே அத்தான் சரக்கு வாங்க வெளியூர் போயிருந்தபோது ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ஃபோன் வந்தது. வரவேற்புக் கூடத்தில் வைத்திருக்கும் கிராமபோன் நின்றுவிட்டதாம், உடனே ஆள் வேண்டுமாம். கொம்பு வைத்த பெட்டிகளை அத்தான்தான் நேரில் போய்ப் பார்ப்பார். பெரிய பித்தளைக் கொம்பும், கறுத்த மரப் பெட்டியும், முன்னால் ஏதோ ஒரு பழைய கம்பெனியின் பெயர் பொறித்த தகடுமாக அவை முழு உருவத்தில் வெளியூரிலிருந்து வருகின்றன என்று சொல்வார். அவற்றை இவள் கையால் தொடவிட்டதில்லை. "அது காட்சிக்கு வைக்கற சாமான். உன் வேலை வேற" என்பார். ஃபோனில் மேனேஜர் அவசரப்படுத்தினார். அவள் கருவிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கழுத்துப்பட்டை கட்டிய மேனேஜர் அவளை அந்தப் பெட்டியிடம் அழைத்துப் போனார். பக்கத்தில் பூச்சாடி, கீழே விரிப்பு, மேலே விளக்கு. "கெஸ்ட் எல்லாம் இதுகூட நின்னுதான் ஃபோட்டோ எடுத்துக்கறாங்க மேடம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

அவள் பெட்டியின் மேல் பலகையைக் கழற்றித் தூக்கினாள். பலகையின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நேற்று அறுத்த மரத்தின் வாசனை. மேலே மட்டும்தான் பழமை. அப்புறம் ஸ்பிரிங்கும் சக்கரங்களுமாக உள்ளே தொங்கிய மோட்டாரைப் பார்த்தாள். மூன்று குண்டுகள். அதில் ஒன்றில், தலையை ஒரு பக்கம் சீவிய பித்தளைத் திருகாணி.

காது மடல் இரண்டும் சுட்டன. கண் பொய் சொல்கிறதோ என்று விரல் நுனியால் அந்தத் திருகாணியைத் தடவிப் பார்த்தாள். அவள் அரம் விட்ட கீறல்கள் அப்படியே இருந்தன. பிறகு ஊசி பிடிக்கும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அதுவும் நர்சம்மாவின் பெட்டியுடையதுதான். அதன் ரப்பர் வளையத்தை வெட்டிப் பொருத்தியதும் அவள்தான்.

"என்ன மேடம், பெரிய ரிப்பேரா?"

"இதுக்கு நூறு வயசுன்னு யார் சொன்னா?"

"உங்க கடையிலதான்."

"இந்தப் பெட்டி செஞ்சு இன்னும் பசை காயல. உள்ள இருக்கற மோட்டார் மட்டும்தான் பழசு. அதுவும் ஒருத்தங்க ரிப்பேருக்குக் குடுத்ததத் திருடி மாட்டினது. உங்கள ஏமாத்தியிருக்காங்க சார். ஏமாத்தினது எங்க கடை."

மேனேஜர் பதறினார். பதறியது ஏமாந்ததற்காக அல்ல. "மேடம், மெதுவா, மெதுவா. கெஸ்ட் உக்காந்திருக்காங்க."

"இந்த மோட்டார நான் எடுத்துட்டுப் போறேன். இது யாரோடதோ அவங்களுக்குக் குடுக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "கொம்பு இங்கயேதானே இருக்கும்?"

"கொம்பு இருக்கும். பாடாது."

"பாடலன்னா பரவாயில்ல மேடம். மொதலாளி கண்ல பட்டுடுமேன்னுதான் அவசரப்படுத்தினேன். இதுவரைக்கும் கெஸ்ட் யாரும் பாடச் சொல்லிக் கேட்டதில்ல."

அந்தப் பதில் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. மோட்டாரையும் தலையையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். ஆட்டோ கூப்பிடத் தோன்றவில்லை. ஒரு தெரு முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாள். எதிரில் வந்த ஒருவன் ஒதுங்கி வழிவிட்டான்.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் கேட்டாள். "கிடங்குச் சாவி எங்க இருக்கு?"

பின்தெருவில் அத்தான் ஒரு கிடங்கு வைத்திருந்தார். தகரக் கதவு, பெரிய பூட்டு. அவளுக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவர் வரட்டுமே. எதுக்கு இப்ப?"

"ஒரு சாமான் வேணும்."

"அவர் வந்ததும் கேளேன்டி." சொல்லும்போதே அக்காவின் பார்வை தையல் பெட்டிப் பக்கம் ஒரு நொடி போய்த் திரும்பியது. தீக்குச்சி எட்டி மூடியைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவில் சாவி கிடந்தது. அக்கா எழுந்து பின்னாலேயே வாசல்வரை ஓடி வந்தாள். "ஏய், நில்லு, சொல்றதக் கேளு" என்றாள். தெருவில் இறங்கவில்லை.

கிடங்கின் கதவைத் தள்ளியதும் மரப்பொடியும் பாலிஷும் அமிலமும் கலந்த நெடி மூக்கில் அடித்தது. சுவரோரம் கறுப்பும் நீலமும் சிவப்புமாகச் சூட்கேஸ் கிராமபோன்கள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்தாள், குடல் உருவிய கோழிபோல வெறும் கூடு. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். ஒவ்வொன்றையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இது பள்ளிக்கூட வாத்தியாருடையது, கைப்பிடி அவள் மாற்றித் தைத்தது. இது ரயில்வேக்காரருடையது, பூட்டு அவள் போட்டது. அந்தச் சிவப்பு, கல்யாணமாகிப் போன மகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஒரு அம்மா அவசரப்படுத்தியது. அதை இவள் ராத்தூக்கம் கெட்டுச் செய்து முடித்தாள்.

மறுபக்கம் ரேடியோக்கள். உள்ளிருந்ததை எல்லாம் பிய்த்தெறிந்துவிட்டு, மதுப்புட்டி அடுக்குவதற்குக் கண்ணாடித் தட்டு மாட்டிய பெட்டிகள். பிடுங்கிய வால்வுகள் ஒரு வாளியில் கிடந்தன, பாதி நொறுங்கி.

நின்றுகொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் முழுதும் விளங்கியது. சுமாராக முடிந்த வேலைகளை அத்தான் வாடிக்கையாளரிடம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவள் உயிரைக் கொடுத்துச் செய்தவற்றைத்தான் தேறவில்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஓடாத மோட்டாரைக் கொம்புப் பெட்டியில் வைத்து என்ன பயன்? நன்றாக ஓடுகிறது என்று தெரிய வேண்டும், அதற்கு அவள் வேண்டும். ஊரில் அத்தனை பேரும் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள்? அந்தக் கடைப் பொம்பளைக்கு வேலை தெரியாது, பெட்டியைக் கொன்றுவிட்டாள் என்றுதானே?

நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் ஷூ பாலிஷ் டப்பாக்கள், தகடுகளைக் கறுக்க வைக்கும் கிண்ணம், கிழித்த புடவைத் துண்டுகள். நாற்காலியில் ஒரு மெத்தை. மாடி ஜன்னல் திரைச்சீலை தைத்து மிஞ்சிய துணியில் அந்த மெத்தையைத் தைத்தது அக்கா. புடவைத் துண்டுகளும் அக்காவுடையவை. விரல்களில் கறை ஏன் என்று கேட்டபோதெல்லாம் அக்கா தலைக்குப் போடும் மையைக் காரணம் சொன்னது நினைவுக்கு வந்தது.

தீக்குச்சி அந்த மெத்தையை எடுத்துச் சுவரில் வீசி அடித்தாள். மெத்தையை வீசினால் சத்தம்கூட வருவதில்லை. அதுவும் கோபத்தைக் கூட்டியது.

மறுநாள் மதியம் அத்தான் வந்து பயணப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்கிற இடத்தில் துணியை விரித்து மோட்டாரை வைத்திருந்தாள் அவள்.

அத்தான் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். நிதானமாக உட்கார்ந்தார். "கிடங்கத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"சரி. தெரிஞ்சுபோச்சு. நல்லதுதான், நானே சொல்லணும்னு இருந்தேன். உக்காரு."

"உக்கார மாட்டேன்."

"இங்க பாரும்மா. அந்தப் பெட்டிங்கள வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணப் போறாங்க? பரண்ல போட்டுத் தூசி புடிக்க விடுவாங்க. பாதி பேர் குடுத்துட்டு வர்றதே இல்ல. நான் அதுக்கு ஒரு மரியாதை குடுக்கறேன். பெரிய பெரிய இடத்துல வச்சிருக்காங்க."

"வந்தாங்களே! அந்த நர்சம்மா வந்தாங்களே! குடை புடிச்சுக்கிட்டு வெயில்ல வந்து நின்னாங்களே!"

"கொஞ்சம் மெதுவாப் பேசுடி, ஜன்னல் தொறந்திருக்கு" என்றாள் அக்கா.

"தொறந்தே கெடக்கட்டும். நீ பேசாத. உன் கையக் காட்டு. காட்டுக்கா! தலைக்கு மை போட்டேன்னியே, யார் தலைக்கு? அந்த மரப்பெட்டிக்கா?"

அக்கா கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

அத்தானின் குரல் மாறியது. "நீ மாடியில இருக்கியே, அது எதுல நடக்குதுன்னு நெனச்ச? ஸ்பிரிங் மாட்டிக் குடுக்கற கூலியிலயா? புருஷன விட்டுட்டு வந்தப்ப யார் வீட்டுக் கதவத் தட்டின?"

இத்தனை காலம் அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்த நன்றியை இப்போது அவரே எடுத்து அவள் முகத்தில் அடித்தார். அது வெளியே வந்துவிட்டதால் வாய் காலியாகிவிட்டது.

"சோறு போட்டீங்க. உண்மைதான். அதுக்காக என் கைவேலையத் திருடுவீங்களா? நான் நல்லா செஞ்சத எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கீங்க. என் பேரக் கெடுத்திருக்கீங்க. அந்தம்மாவப் பொறுத்தவரைக்கும் நான் ஒரு கசாப்புக்காரி!"

"குடும்ப விஷயம். வெளிய போனா உங்க அக்கா மானமும்தான் போகும். யோசிச்சுப் பேசு."

"அவளும் சேர்ந்துதானே பாலிஷ் போட்டா? போகட்டும்."

அவள் மோட்டாரைத் துணியோடு சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா அழுகிற சத்தம் கேட்டது. அத்தான் அக்காவைத்தான் திட்டிக்கொண்டிருந்தார், சாவியை ஒழுங்காக ஒளித்துவைக்கவில்லை என்று.

கிடங்கிலிருந்து நர்சம்மாவின் வெறும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப்போனாள். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு லேசாகும், நர்சம்மா கையைப் பிடித்துக்கொள்வார் என்று எங்கோ ஓர் எதிர்பார்ப்பு இருந்தது போலிருக்கிறது.

நர்சம்மா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அன்னிக்கு நான் கடைக்கு வந்தப்ப நீங்க முன்னால வந்தீங்க இல்ல?" என்றார்.

"வந்தேன்."

"ஏதோ சொல்ல வாயெடுத்தீங்க. அந்தாளு உள்ள போன்னு சொன்னதும் போயிட்டீங்க."

"அப்ப எனக்கு இது தெரியாதும்மா."

"பெட்டி பாடுச்சுன்னு தெரியும் இல்ல? அது போதாதா? டாக்டர் தப்பான மருந்து எழுதினா, எழுதினது டாக்டர்தானேன்னு நான் ஊசி போட்டுட்டு வர முடியுமா? அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கயே உக்காந்திருப்பேன். இப்ப வந்து எங்கிட்ட கோபப்பட்டுக் காட்டறீங்க."

தீக்குச்சிக்குச் சுருக்கென்றது. பெட்டியைத் தரையில் வைத்தாள். "சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"அது அப்புறம். மொதல்ல அந்தாளு மூஞ்சியப் பாக்கணும். கெளம்புங்க." நர்சம்மா குடையை எடுத்தார்.

கடையில் அத்தான் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் கொம்புப் பெட்டி ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் பழைய கிராமபோன் சேகரிக்கிறவர். வீட்டில் இதற்கென்றே தனி அறை வைத்திருப்பதாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அவரிடம் இருந்தவற்றில் பலவும் இந்தக் கடையில் வாங்கியவை.

"இது கப்பல்ல வந்தது சார்" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற இருவரையும் பார்த்ததும் கப்பல் பாதி வழியில் நின்றது.

"எந்தக் கப்பல்ல?" என்றார் நர்சம்மா. "என் பெட்டி போன கப்பலா?"

அத்தான் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் தீக்குச்சி கல்லாப் பலகையைத் தாண்டி வந்து, திருப்புளியை எடுத்து, பெட்டியின் மேல் பலகையைக் கழற்ற ஆரம்பித்தாள். அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் உதறினாள். கொம்பு சரிந்து தரையில் விழுந்து, கடை அதிர உருண்டு, வாசற்படியில் முட்டி நின்றது. வாய் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது.

"இந்த மோட்டார் பள்ளிக்கூட வாத்தியாரோடது" என்று அவள் பலகையைத் தூக்கிக் காட்டி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "இந்தத் தலை ரயில்வேக்காரரோடது. மரம் போன மாசம் வாங்கினது. கறுப்பு, ஷூ பாலிஷ். பூசினது எங்க அக்கா."

அத்தானின் கை ஓங்கியது.

"கைய எறக்கு" என்றார் நர்சம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எத்தனையோ வார்டுகளில் எத்தனையோ முரடர்களைப் படுக்கையில் படுக்க வைத்த குரல் அது. கை இறங்கியது.

இனி கான்ட்ராக்டர் அத்தான் சட்டையைப் பிடிப்பார் என்று தீக்குச்சி நினைத்தாள். அவர் முகம் சிவந்துதான் இருந்தது. ஆனால் திரும்பியது அவள் பக்கம். "நீ யாரும்மா? உனக்கு என்ன தெரியும்? என்கிட்ட இருக்கறதெல்லாம் ஒரிஜினல். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் பாத்துட்டு அசந்துபோறாங்க. சொத்துச் சண்டைய வீட்டுல வச்சுக்கங்க, அடுத்தவன் சாமானக் குறை சொல்லாதீங்க!"

"ஒண்ணக் கொண்டுவாங்க சார். உங்க முன்னாலயே தொறந்து காட்டறேன்."

"ஒண்ணும் தொறக்க வேணாம்!" அவர் கத்திவிட்டு, நசுங்கிய கொம்பைத் தாண்டிக் காரில் ஏறிப் போய்விட்டார். தன் அறையில் இருப்பவற்றைத் திறந்து பார்க்க அவர் கடைசிவரை யாரையும் விடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். திருடினவனைவிட, திருட்டுச் சொத்து என்று சொன்னவள்மேல் அவருக்கு ஆத்திரம். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

நர்சம்மா நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். "பாட்டுப் பெட்டியா?" என்று அங்கே முதலில் சிரித்தார்கள். அவர் சிரிப்பு முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தார். தீக்குச்சி ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் நடந்தாள். சிலர் கும்பிட்டார்கள். சிலர் அவளையும் சேர்த்துத் திட்டினார்கள், அவள் நின்று வாங்கிக்கொண்டாள். வாத்தியாரும் ரயில்வேக்காரரும் இன்னும் சிலரும் வந்து எழுதிக் கொடுத்த பிறகு ஸ்டேஷனில் சிரிப்பு நின்றது. கிடங்கைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். கடைக் கதவு இறங்கியது. வழக்கு நடக்கிறது என்றார்கள். நடக்கிறதா ஊர்கிறதா என்று தெரியவில்லை.

கடையில் சண்டை நடந்த அன்றே அவள் மாடியைக் காலி செய்துவிட்டாள். துணிமணி ஒரு பை. மற்றபடி அவள் காயலான் கடைகளில் பொறுக்கிச் சேர்த்து உயிர் கொடுத்திருந்த ரேடியோக்கள்தான். நர்சம்மா வீட்டுப் பக்கவாட்டில் கார் நிறுத்தாத ஒரு கார் கொட்டகை இருந்தது. "வாடகை உண்டு" என்று சொல்லித்தான் அவர் திறந்துவிட்டார். உள்ளே பலகை போட்டுக்கொண்டு, திருப்பிக் கிடைத்த கூடுகளையும் மோட்டார்களையும் ஒன்றோடொன்று சேர்க்க ஆரம்பித்தாள். சிலதற்குக் கூடு கிடைத்தது, உயிர் கிடைக்கவில்லை. எந்த ஊரில் எந்தக் கூடத்தில் கொம்பு தாங்கி நிற்கிறதோ.

முதலில் முடிந்தது நர்சம்மாவின் பெட்டி. அவர் சாவி கொடுத்து ஒரு இசைத்தட்டைப் போட்டு நின்றபடியே கேட்டார். "கொஞ்சம் இழுக்குதே. முன்ன இப்படி இழுக்காது."

"இழுக்கல. உங்க காதுதான் அவசரப்படுது" என்றாள் இவள். இருவரும் முறைத்துக்கொண்டார்கள். பிறகு இவளே வேகக் கம்பியை ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

ஒருநாள் முற்பகல் அக்கா வந்தாள். கொட்டகை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. இளைத்திருந்தாள். விரல்களில் கறை இல்லை.

"புகார வாபஸ் வாங்கச் சொல்லு. அந்தம்மா நீ சொன்னாக் கேக்கும்."

"கேக்காது. கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்."

"அவர் ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல."

"அந்தச் சிவப்புப் பெட்டிக்காக நானும்தான் தூங்கல. அதுக்கு இன்னும் மோட்டார் கிடைக்கலக்கா. மகளுக்குன்னு கேட்ட அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அக்கா வெடித்தாள். இத்தனை வருஷத்தில் அக்கா கத்தி இவள் கேட்டதே இல்லை.

"கோபப்படறியே, உனக்கென்னடி? உனக்குக் கையில தொழில் இருக்கு. புருஷன வேணாம்னு தூக்கிப்போட்டுட்டு வந்த, இப்ப வீட்டையும் தூக்கிப்போட்டுட்டு வந்துட்ட. எங்க போனாலும் பலகையப் போட்டு உக்காந்துடுவ. எனக்கு என்ன தெரியும்? அவர் பாலிஷ் போடுன்னா போடத் தெரியும். மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் எந்தக் கதவத் தட்டறது? உனக்கு இருந்த மாதிரி எனக்கு ஒரு அக்கா இருந்தாளா?"

தீக்குச்சி எழுந்து வாசலுக்கு வந்து, "இங்க வந்துடு. இடம் இருக்கு" என்றாள். சொன்ன குரலில் இன்னும் கோபம்தான் இருந்தது.

"உன் கோபத்துக்குக் கீழ வந்து குடியிருக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அக்கா தெருவில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் பலகைக்குத் திரும்பினாள். வாத்தியாருடைய பெட்டியின் ஸ்பிரிங்கைச் சுருட்டி உறைக்குள் அடைக்க வேண்டியிருந்தது. இறுக்கிப் பிடித்துச் சுருட்டவேண்டிய வேலை; கை நழுவினால் கத்திபோலச் சீறி வந்து விரலை எடுத்துவிடும். உறையை எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்து, இந்தக் கோபத்தோடு இறுக்கினால் விரல் போய்விடும் என்று திரும்பவும் வைத்தாள்.

கொட்டகையைப் பூட்டிக்கொண்டு தெருக்கோடிவரை நடந்தாள். கோபம் யார்மேல் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தான்மேல், அக்காமேல், காரில் ஏறிப்போன கான்ட்ராக்டர்மேல், உள்ளே போ என்றதும் போன தன்மேல். புகாரை மட்டும் அவள் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அன்று முழுக்க ஸ்பிரிங்கைத் தொடவும் இல்லை.